கோர் எட்டு என்றால் வேகமும் எட்டு மடங்கா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் என் பக்கத்து வீட்டுக்காரர், பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே டைப்பிங், ஸ்கேனிங் வேலை எடுத்துச் செய்யலாம் என்று கம்ப்யூட்டர் வாங்க நினைத்தார். யோசனை கேட்டது என்னிடம். நான்கு கோர் ப்ராசசர் போதும் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். "எட்டு கோர் எடுங்கள், இரண்டு மடங்கு வேகம்" என்று சொன்னவன் நான். பணம் இடித்ததால் எஸ்.எஸ்.டி.யைக் கைவிட்டு, பழைய வகை ஹார்ட் டிஸ்க்குடன் வாங்கினார். ஒரு மாதம் கழித்து வந்து, "தம்பி, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் மாதிரியேதான் இதுவும் ஓடுது" என்றார். ஓய்வூதியப் பணத்தில் வாங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோர் என்பது ஒரே சிப்பிற்குள் இருக்கும் தனித்தனி ப்ராசசர். எட்டு இருந்தால் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். உண்மைதான். ஆனால் பைலைத் திறப்பது, நினைவகத்தில் இடம் கேட்பது எல்லாமே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் வழியாகத்தான் போக வேண்டும். எந்த இடம் காலி, எந்த பைல் திறந்திருக்கிறது என்ற பட்டியல்களை வைத்திருப்பது கெர்னல். ஒரே பட்டியலை இரண்டு ப்ராசசர்கள் ஒரே நொடியில் திருத்தினால் பட்டியல் குழம்பிவிடும். எனவே கெர்னல் அதற்கு ஒரு பூட்டு போடுகிறது. பூட்டைப் பிடித்தவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் ஒரு வேடிக்கை உண்டு. சில பூட்டுகளுக்காகக் காத்திருக்கும் ப்ராசசர் சும்மா இருக்காது. "திறந்ததா, திறந்ததா" என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். காவிரிப் பாலத்து நெரிசலில் இஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஆட்டோ போல; பெட்ரோல் போகும், வண்டி நகராது. கம்ப்யூட்டரோ அந்த நேரத்தையும் ப்ராசசர் உழைத்த நேரமாகவே கணக்குக் காட்டும்.

இதை விளக்கியபோது பெரியவர் சிரித்துவிட்டார். "இதுக்கா இவ்வளவு சொல்றீங்க? ஷெட்டுல ஒரே கிரேன். மூணு கேங் வேலை செஞ்ச இடத்துல ஆறு கேங் போட்டா, மூணு கேங் கிரேனைப் பாத்துக்கிட்டு நிக்கும்" என்றார். ஜீன் அம்தால் 1967இல் சொன்ன கணக்கும் இதுதான். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒருவர்தான் செய்ய முடியும் என்றால், 8 ப்ராசசர் போட்டாலும் வேகம் சுமார் 4.7 மடங்குதான். 16 போட்டால் 6.4. எத்தனை ஆயிரம் போட்டாலும் 10ஐத் தாண்டாது.

லினக்ஸ் 1996இல் 2.0 பதிப்பில் பல ப்ராசசர்களை ஏற்றுக்கொண்டபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டுதான் இருந்தது. அதைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்து, முழுவதும் நீக்கி முடித்தது 2011இல், 2.6.39 பதிப்பில். 15 ஆண்டுகள்! விண்டோஸிலும் இதே கதைதான். அடுத்து எந்த வேலை ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியில் இருந்த ஒரு பொதுப் பூட்டை 2009இல் வந்த விண்டோஸ் 7இல்தான் உடைத்தார்கள்.

பூட்டே இல்லாமல் படிக்கும் வழியும் உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நேரப் பலகையை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். படிப்பவர்களை விரட்டாமல், புதிய பலகையை எழுதி மாட்டிவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருந்த கடைசி ஆள் நகர்ந்த பிறகு அதை எடுத்துப் போவது போன்ற முறை அது. ஆர்.சி.யு. என்பார்கள். பால் மெக்கென்னி முதலானோர் 1990களில் உருவாக்கிய இம்முறை, 2002 அக்டோபரில் லினக்ஸ் 2.5.43இல் சேர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த திபாங்கர் சர்மா, மனீஷ் சோனி ஆகிய இந்தியப் பொறியாளர்களின் பங்கு இதில் பெரியது. பைல் பெயர்களைத் தேடும் பகுதியில் இதைப் புகுத்தியவர்களும் இவர்களே. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? அதில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

இப்படிப் பலர் உழைத்ததால் வீட்டுக் கம்ப்யூட்டரில் கெர்னல் பூட்டின் தாமதம் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். இந்த உழைப்பு நமக்கு இலவசமாக வந்து சேருவது அந்த வழியில்தானே! ஆனால் பெரியவர் சொன்ன கிரேன் வேறு உருவங்களில் வரும். அவருடைய கம்ப்யூட்டரில் கிரேன், ஹார்ட் டிஸ்க். எட்டு கோரும் அதன் வாசலில் நின்றன.

நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11இல் டாஸ்க் மானேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் சி.பி.யு. வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு ப்ராசசரையும் தனிக் கட்டமாகக் காட்டும் வசதி அங்கே இருக்கிறது. "ஷோ கெர்னல் டைம்ஸ்" என்பதையும் தேர்ந்தெடுத்தால், கெர்னலில் செலவான நேரம் தனி நிறத்தில் தெரியும். கம்ப்யூட்டர் திணறும்போது டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு, சி.பி.யு. கட்டங்கள் படுத்துக் கிடந்தால், கூடுதல் கோருக்குப் பணம் போடுவது வீண். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு நிறைய கோர் தேவைதான், மறுக்கவில்லை. கடிதமும் கணக்கும் போடுபவருக்கு முதலில் எஸ்.எஸ்.டி., அடுத்து ராம், அதன் பிறகு பணம் மிஞ்சினால் கோர். கடைக்காரர் எதிர் வரிசையில் சொல்வார். போன வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

பெரியவரின் கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி நானே மாட்டிக் கொடுத்தேன். பணம் கொடுக்க வந்தார். வாங்கவில்லை.