நாய் குரைத்தால் தீர்ப்பா?

டிவியில் எந்தக் கொலை வழக்கு ஓடினாலும் நம்மாட்கள் வீட்டில் இந்த வசனம் கேட்கலாம்: "மோப்ப நாயே காட்டிக் கொடுத்துடுச்சு, அப்புறம் என்னங்க விசாரணை?" படித்தவர்களே இப்படிச் சொல்வதுதான் எரிச்சல்.

நாயைக் குறை சொல்லவில்லை மக்களே. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லயத்தோடு புதைந்தபோது, மண்ணுக்கடியில் உடல்கள் கிடந்த இடத்தைக் காட்டியவை கேரள போலீஸின் நாய்கள். அங்கே தோண்டினால் உடல் கிடைக்கும். நாய் சொன்னது சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும்.

வெறும் வீட்டில் குரைத்தால்? ஹாம்பர்க் போலீஸ் நாய்களை வைத்து ஓர் ஆய்வு 2007ல் வந்தது. இறந்தவர் உடலை, போர்வை சுற்றி, கம்பளத் துண்டின் மேல் பத்தே நிமிடம் வைத்து எடுத்தார்கள். அந்த வாடையை நாய்கள் 98 சதவீதம் சரியாகப் பிடித்தன. அபாரம்தான். ஆனால் செத்தது யார், எப்போது, எப்படி என்று நாய் சொல்லுமா? காய்ந்த ரத்தத்துக்கும் குரைக்கிற நாய்கள் உண்டு. அந்த ரத்தம் உயிரோடு இருப்பவருடையதாகவும் இருக்கலாம்.

அடுத்தது, கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதர். 2011ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்று. போதைப்பொருள், வெடிமருந்து தேடும் நாய்கள் 18. கட்டிடத்தில் எதுவுமே ஒளித்து வைக்கவில்லை. ஆனால் இருக்கிறது என்று பயிற்சியாளர்களிடம் சொல்லிவிட்டார்கள். 85 சதவீதத் தேடல்களில் 'நாய் காட்டிவிட்டது' என்று பதில் வந்தது! ஆசாமி எதிர்பார்த்தால் நாயும் காட்டும், அல்லது காட்டியதாக ஆசாமிக்குத் தோன்றும்.

நம் உச்ச நீதிமன்றமும் 2001ல், ஆந்திர வழக்கு ஒன்றில், தடம் பிடிக்கும் நாய்களைப் பற்றி இதைத்தான் சொன்னது. நாயும் தவறலாம், அதன் நடத்தையைப் புரிந்துகொள்பவரும் தவறலாம். துப்புத் துலக்க உதவட்டும். கோர்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாய் காட்டிய இடத்தைத் தோண்டுங்கள். எலும்போ டிஎன்ஏவோ கிடைத்தால் அது சாட்சி. எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது வெறும் குரைப்புதான்.

வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கிற நாம்தான் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு முன்னால் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் இறந்தார்கள் என்று நமக்குத் தெரியுமா? நாளைக்கு நம் வீட்டு ஹாலில் ஒரு நாய் குரைத்தால், "நாயே காட்டிக் கொடுத்துடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.