படத்தைப் படமாகப் பார்க்கச் சொல்கிறவர்களுக்கு

"படத்தைப் படமா பாருங்க, மேட்ச்ச மேட்ச்சா பாருங்க." இந்த அறிவுரை எப்போதும் எங்களுக்கு மட்டும்தான் வருகிறது. டீக்கடையிலும் வருகிறது, ஆபீஸ் மதியச் சாப்பாட்டிலும் வருகிறது, யூடியூப் விமர்சகர் வாயிலிருந்தும் வருகிறது. சும்மா ஒரு கருத்து சொன்னோம், அதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்கிறார்கள். அந்தச் 'சும்மா'தான் எங்கள் பிரச்சினை.

1992இல் 'சின்னக் கவுண்டர்' வந்தது. அதே ஆண்டு 'தேவர் மகன்' வந்தது, தேசிய விருதும் வாங்கியது. 1994இல் 'நாட்டாமை'. தலைப்பிலேயே சாதியை வைத்துக்கொண்டு வந்த படங்களைக்கூட யாரும் சாதிப் படம் என்று சொன்னதில்லை. அவை கிராமத்துப் படங்கள், குடும்பப் படங்கள். மரத்தடியில் ஒருவர் சொம்போடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார், ஊர் கைகட்டி நிற்கும். அந்த ஊரில் எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று எந்தக் கேமராவும் தேடியதில்லை. தேவர் மகன் பாட்டைத் தென்மாவட்டங்களில் திருவிழா ஒலிபெருக்கியை எங்கள் தெருப்பக்கம் திருப்பிவைத்துப் போட்டபோது, பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள் என்று சொல்ல ஒரு விமர்சகரும் வரவில்லை.

பிறகு 2012இல் ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வந்தது, 2014இல் 'மெட்ராஸ்'. 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. அந்தப் படத்தில் நாயகன் யாரையும் அரிவாளால் வெட்டவில்லை. அடியும் அவமானமும் பட்டபிறகு ஜோவின் அப்பாவோடு உட்கார்ந்து பேசுகிறான். மேசையில் இரண்டு டீ கிளாஸ், படம் முடிகிறது. தமிழ் சினிமாவில் இதைவிடப் பொறுமையான நாயகன் வேறு யார்? அதைப் பார்த்துவிட்டு வந்தும் "எத்தனை நாளைக்கு இதையே எடுப்பாங்க?" என்று கேட்டார்கள். மாரி செல்வராஜ் ஏழு ஆண்டுகளில் எடுத்தது ஐந்து படம். மீசையை முறுக்கும் பெரிய வீட்டு நாயகர்களின் படங்களை எண்ண நாங்கள் உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

2023இல் 'மாமன்னன்' வந்தபோது நடந்ததை மறக்க முடியுமா? ஃபஹத் ஃபாசில் நடித்த ரத்னவேலு, தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன். அவன்தான் வில்லன். படம் ஓடிடிக்கு வந்ததும் அவன் வரும் காட்சிகளை மட்டும் வெட்டி, தங்கள் சாதிப் பாட்டைப் பின்னணியில் ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். ஒரு சாதி அல்ல, பல சாதியினரும் அவன் எங்கள் ஆள் என்று போட்டி போட்டார்கள். இயக்குநர் அவனுக்கு எந்தச் சாதிப் பெயரும் வைக்கவில்லை, ஆனாலும் அவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது! கேட்டால் "சும்மா மீம், ப்ரோ". படத்தைப் படமாகப் பார்க்காதவர்கள் யார்?

விளையாட்டுக்கு வருவோம். 2020இல் யுவராஜ் சிங், ரோகித் சர்மாவோடு பேசிய இன்ஸ்டாகிராம் நேரலையில், சாஹலின் டான்ஸ் வீடியோவைக் கிண்டல் செய்ய வடநாட்டுத் துப்புரவுச் சாதி ஒன்றின் பெயரை வசவாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே. கண்டனம் கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார். அரியானாவில் வழக்கானது, 2021இல் கைதாகிப் பிணையில் வெளியே வந்தார். விளையாட்டாகச் சொன்னதற்கு வழக்கா என்று இங்கேயும் பலர் அங்கலாய்த்தார்கள். அவர்களுக்கு ஒன்று: 'சண்டாளர்' என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். நம் படங்களிலும் காமெடிக் காட்சிகளிலும் அது எத்தனை முறை வசவாக வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் வசவு வசவாக இல்லாமல் போய்விடுமா?

"விளையாட்டில் திறமைதான் பேசும், சாதி இல்லை" என்பது அடுத்த பல்லவி. பல்வங்கர் பாலூவின் பந்து 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைப் பேசியது. அதே பாலூவுக்கு அவர் ஆடிய கிளப்பில் டீ வெளியே, தனி மண்குவளையில். கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வெள்ளைக்காரன் காலம் அல்ல. ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஆகஸ்ட் 4 அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. அன்றே ஹரித்துவார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து ஆடியிருக்கிறார்கள் ஆதிக்க சாதி இளைஞர்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றார்கள் என்று கத்தியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். மேட்ச்சை மேட்ச்சாகப் பார்த்த லட்சணம் இது. இந்தியா தோற்றதற்கு இந்தியாவிலேயே பட்டாசு! தேசபக்திச் சான்றிதழ் விநியோகிக்கிறவர்கள் அன்று எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6இல் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். எதிரே பிரிட்டன். 4-3 என்று தோற்ற அந்த ஆட்டத்திலும் இந்தியாவின் மூன்று கோல்களில் ஒன்றை அடித்தவர் வந்தனா.