ஐஸ் மீன் சக்கையல்ல

“ஐஸ் வச்ச மீன்ல என்னங்க சத்து இருக்கு? இங்க வந்து சேர்றதுக்குள்ள வெறும் சக்கைதான்.” போடிநாயக்கனூர் மீன் கடைகளில் இந்தப் பேச்சு சகஜம். குரங்கணி, போடிமெட்டு என்று மேலே ஏற ஏற இதைச் சொல்பவர்களின் உறுதியும் ஏறுகிறது. கடலைக் காணாத ஊரில் கடல் மீனைச் சந்தேகிப்பது இயல்புதான். 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் வலுத்தது. ஆனால் ஃபார்மலின் கலப்படம். ஐஸ் கலப்படம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் தவறு தொடங்குகிறது.

ஐஸ் வைட்டமினைக் கொல்லும் என்பது முதல் வாதம். மீன் சதையில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பு வைட்டமின்களில் முக்கியமானது ஈ. மீனின் கொழுப்பு காற்றுப் பட்டால் எளிதில் காறிப்போகிற வகை. அந்தத் தாக்குதலை வைட்டமின் ஈ முதலில் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. அப்படிச் செலவான ஈ-யைச் சதையில் சிறிதளவே இருக்கும் வைட்டமின் சி மீட்டுக் கொடுக்கிறது. அதனால் சி முதலில் தீர்கிறது, பிறகு ஈ குறைகிறது. இத்தனையும் நடத்துவது காற்றும் வெப்பமும். குளிர் அந்த ஓட்டத்தை மெதுவாக்குகிறது. ஏலக்காயின் பச்சை வெளிறாமல் இருக்க, கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் வைக்கும் ஊர் இது. காற்றையும் வெளிச்சத்தையும் தடுத்தால் சரக்கு நிற்கும் என்பதைப் போடி வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனுக்கு அந்தக் காவலை ஐஸ் செய்கிறது.

உருகும் தண்ணீரில் சத்து கரைந்து ஓடிவிடும் என்கிறார்கள். வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. பி வகை வைட்டமின்களில் கொஞ்சம் போகலாம். அதற்காக மீனைச் சக்கை என்பது அநியாயம்.

“வைகை அணை மீன்தான் சத்து, துள்ளத் துள்ள வருது” என்பது இன்னொரு வாதம். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் ருசியானவை, நானும் விரும்பி வாங்குபவன். ஆனால் எந்த மீனும் வைட்டமின் ஈ-யைத் தானே உண்டாக்குவதில்லை. பாசியிலிருந்தும் இரையிலிருந்தும்தான் பெறுகிறது. சதையில் எவ்வளவு தங்கும் என்பதை இரையும் கொழுப்பும் தீர்மானிக்கின்றன, துள்ளுவது தீர்மானிப்பதில்லை. இதில் ஒரு வருத்தம் உண்டு. அயிலை, சூரையின் விலாவோரம் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை ரத்தம் என்று வெட்டி எறிகிறார்கள். வெள்ளைச் சதையைவிட வைட்டமின் ஈ அதில்தான் கூடுதல். இரும்பும் கொழுப்பும் அதில் மிகுதி என்பதால் சீக்கிரம் காறும். ஆகவே அன்றே சமைக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் ஒளிக்க மாட்டேன். நம் சந்தைக்கு வரும் பெரும்பாலான மீன்களில் வைட்டமின் ஈ 100 கிராமுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்குள்தான். அதே எடை நிலக்கடலையில் ஏறத்தாழ 8 மில்லிகிராம். மீனை அதன் புரதத்துக்காகவும் நல்ல கொழுப்புக்காகவும் பி12-க்காகவும் சாப்பிடுகிறோம். அந்தக் கொழுப்பைக் காக்கும் காவலாளிதான் சதையில் இருக்கும் ஈ.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. ஐஸ் தீர்ந்த பெட்டியில் வெயிலில் கிடக்கும் மீனில் நடக்கிறது. வீட்டு ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடக்கும் சாளையில் நடக்கிறது. உறைநிலையிலும் கொழுப்பு மெல்லக் காறிக்கொண்டே இருக்கும். வெயிலில் காயும் கருவாட்டிலும் நடக்கிறது.

கடைக்குப் போகும்போது மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் வாங்கி, அன்றே குழம்பு வையுங்கள்.