வகுப்பு உண்டு, சோறு இல்லை

கோவை ஆர்.எஸ்.புரத்தில் மே மாதத்து நடுப்பகல் ஒன்று. பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்களில் தேறாத பிள்ளைகளுக்குத் துணைத் தேர்வுக்கான சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். பன்னிரண்டரைக்கு ஆசிரியை கணக்குப் புத்தகத்தை மூடியதும், கடைசி வரிசையில் இருந்த பெண் பையிலிருந்து ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையுடன் பங்கு போட்டுக்கொண்டாள். "சோறு கொண்டு வரலையா கண்ணு?" என்று கேட்டேன். "அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருவாங்க" என்றாள். அவள் அம்மா பக்கத்துத் தெருக்களில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துப் போடுகிறவர். வகுப்பறைக்கு இருபதடி தள்ளிச் சத்துணவு மையம் பூட்டிக் கிடந்தது.

அந்தப் பூட்டைப் போட்ட அமைப்பாளர் மீது தவறில்லை. சத்துணவுக்கான கணக்கே ஆண்டுக்கு 220 நாள்தான். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஐந்தாம் பிரிவில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் இலவச மதிய உணவை உரிமையாக்குகிறது. அதே வரியில் பள்ளி விடுமுறை நாட்களை விலக்கியும் விடுகிறது. மீதமுள்ள 145 நாட்களில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது. அந்தப் பதிவேடுகளைக் கையாளும் அமைப்பாளர்களும் ஊட்டச்சத்து அலுவலர்களும் வாசிக்கும் இதழ் இது. ஆகவே இதை இங்கேதான் பேச வேண்டும்.

இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது சட்டம் வகுத்த அளவு. கோடை விடுமுறையை ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து முட்டை வீதம் முப்பது முட்டை போகிறது. மதிய உணவின் புரதம் மட்டும் 360 கிராம் போகிறது. காலை உணவுத் திட்டத்துப் பொங்கலும் கிச்சடியும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகின்றன. இரண்டு வேளையைப் பள்ளியில் உண்டு பழகிய பிள்ளைக்கு இரண்டு வேளையும் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. அந்த வாரங்களில் நாமக்கல்லில் கோழிகள் முட்டையிடாமல் இல்லை. முட்டை பள்ளிக்கு வருவதுதான் இல்லை.

வீட்டில் சாப்பிடமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் அப்பாவும் அம்மாவும் போய்விட்ட லைன் வீடுகளை மே மாதத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பத்து வயது அக்கா ஆறு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் வடித்த சோறு பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாக்கெட் முறுக்கும் குச்சி ஐஸும்தான். பெற்றோருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை.

வெயிலும் இந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போகிறது. 2023-இல் வெப்பத்தால் பள்ளி திறப்புத் தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகள் ஜூன் 14 அன்றுதான் தொடங்கின. 2024-இல் ஜூன் 10 ஆனது. பிள்ளைகளை வெயிலிலிருந்து காக்க எடுத்த முடிவு சரியானதே. ஆனால் தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் சத்துணவு இல்லாத நாளாகவும் ஆனதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கோடையில் சோறு போடுவது புதிய யோசனை அல்ல. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே, வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கச் சொன்னது. 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. பக்கத்துக் கர்நாடகம் 2024 கோடையில் வறட்சி அறிவிக்கப்பட்ட தாலுகாக்களில் சமைத்துப் போட்டது. குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகளுக்கு மதிய உணவு ஆண்டுக்கு 312 நாள் என்றே கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் கோடை உணவுத் திட்டம் 1968-இல் தொடங்கியது.

நம் மாநிலத்தின் வரலாறும் இந்தத் திசையில்தான் நடந்திருக்கிறது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. 1956-இல் காமராசர். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆரின் சத்துணவு, இரண்டே ஆண்டில் அது பதினைந்து வயது வரை விரிந்தது. 2022-இல் காலை உணவு. ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்டவர் யார் என்று தேடிச் சேர்த்தோம். இப்போது விடுபட்டு நிற்பவை நாட்கள்.

எல்லா மையத்தையும் மே முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை. முதலில், அரசோ மாநகராட்சியோ பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் இடத்தில் சோறு இருக்கட்டும். சிறப்பு வகுப்பானாலும் கோடை முகாமானாலும், நடுப்பகலைத் தாண்டினால் உணவு அதன் பகுதியாகட்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்துணவு வழக்கமாகவே கிடையாது. கோடை வகுப்பிலாவது அவர்களையும் ஒரே பந்தியில் சேர்க்க வேண்டும். அடுத்து, நடந்து வரும் தூரத்துப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு சமையலறை போதும். அமைப்பாளரும் சமையலரும் முறை வைத்துக்கொண்டு வரட்டும். விடுமுறையில் உழைப்பதற்குத் தனி ஊதியம் தர வேண்டும். ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் நிற்கும் பெண்களின் தியாகத்தில் இதை நடத்தக் கூடாது.

சமையலறைக்குள்ளும் யோசிக்க வேண்டியது உண்டு. 38, 40 டிகிரியில் காலையில் அவித்த முட்டையும் பத்து மணிக்குக் கிளறிய கலவை சாதமும் ஒரு மணி வரை தாங்கும் என்று நம்பக் கூடாது. பதினொன்றரைக்கு இறக்கிப் பன்னிரண்டுக்குள் பரிமாற வேண்டும். ஆசிரியர் முதலில் சுவைத்துப் பார்க்கும் நடைமுறைக்கு மே மாதத்தில் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பட்டியலும் கோடைக்கு மாறட்டும்: சூடான அரிசிம்பருப்புச் சாதம், முட்டை, நீர்மோர், வாரம் இரு நாள் கம்மங்கூழும் சுண்டலும். சமையலறை எட்டாத ஊர்களில், 2020-இல் பள்ளிகள் மூடியபோது கொடுத்ததுபோல அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் அது குடும்பத்துப் பானைக்குள் போய்ப் பங்காகிவிடும் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும். தட்டில் போட்ட சோற்றுக்கு அது ஈடாகாது.

இதற்கெல்லாம் ஆதாரம் கேட்பார்கள். கேட்க வேண்டியதும்தான். நம் ஊர் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனத்தில் ராஜம்மாள் பி. தேவதாஸ் சத்துணவை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து தராசும் உயர அளவுகோலும் நம் தொழிலின் கருவிகள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டுவதை ஒவ்வொரு ஆயாவும் பார்த்திருப்பார். அவர் கண்ணால் கண்டதை நாம் எண்ணாக்கவில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். ஏப்ரல் தேர்வின் கடைசி நாளில் உங்கள் மையத்துப் பிள்ளைகளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறக்கும் நாளில், முதல் சோறு போடுவதற்கு முன், அதே தராசில் மறுபடி நிறுத்துங்கள். பெயர் வேண்டாம், வயதும் இரண்டு எடைகளும் போதும். எங்களுக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம். அடுத்த மே மாதத்துப் பூட்டைப் பற்றிப் பேச அந்த எண்களோடு போவோம்.