ஒரு புளியமரத்துக்குப் பத்துக் கன்று ஈடாகாது

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் குறுக்கிடுகின்றன. இங்கே தயாராகும் காரும் லாரியும் டயரும் இந்த இரண்டு சாலைகளை நம்பித்தான் வெளியே போகின்றன. சாலைகள் அகலமானதை நான் குறை சொல்லவில்லை. இனியும் அகலமாகும்; அப்போது ஓரத்து மரங்களை வெட்டக் கேட்பார்கள். பொது இடத்து மரத்தை வெட்டலாமா, கூடாதா என்ற கோப்பு மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவரான உங்களிடம்தான் வரும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறார்கள். விதை போட்டு வளர்க்கும் புளி காய்ப்புக்கு வரவே எட்டுப் பத்து வருஷம் ஆகும். அது சாலைமேல் கவிந்து நிழல் தருவதைப் பார்க்க இன்னொரு தலைமுறை வேண்டும். அந்தப் பத்துக் கன்றும் பெரும்பாலும் அதே சாலைக்குத் திரும்புவதில்லை. எங்கோ ஓர் ஏரிக்கரைக்குப் போய்விடுகின்றன. சாலைக்குக் கிடைப்பது நடுத்திட்டில் அரளி. சித்திரை வெயிலில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, விளக்குக் கம்பத்தின் ஒல்லியான நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள்.

தப்பிப் பிழைத்த மரங்களின் பாடும் மோசம். உடம்பெல்லாம் ஆணி, விளம்பரத் தகடு. தூரை ஒட்டிப் பேவர் பிளாக் பதித்துவிட்டால் மழைத் தண்ணீர் வேருக்கு இறங்காது. பொந்தில் குப்பையைப் போட்டுக் கொளுத்துகிறார்கள். இரண்டு மூன்று தடவை எரிந்தால் உள்ளே கூடாகிவிடும். பிறகு, 'மரம் ஆபத்தாக இருக்கிறது, வெட்ட வேண்டும்' என்று மனு வரும். அப்படி ஒரு மனு வந்தால், அடிமரத்தில் கரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்கு வங்கத்தின் ஜெசோர் சாலை மரங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. அப்படியும் 2023இல் வெட்ட அனுமதி கிடைத்துவிட்டது. வழக்குவரை போன பிறகு மரத்தைக் காப்பது கடினம். திட்ட வரைபடம் போடும்போதே காக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த விரிவாக்கத்துக்கு முன்பே இந்தச் சாலைகளில் நிற்கும் பழைய புளி, ஆல், அரசு, வேம்பு, இலுப்பை அத்தனைக்கும் எண் போட்டுப் பதிவேடு எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்த எண்கள் இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். ஆலும் அரசும் போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும். வேரோடு பெயர்த்து நட்டாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆழமாக வேர் விட்ட கிழப் புளியை அப்படிப் பெயர்ப்பது பெரும்பாலும் பலிக்காது. அதற்காகச் சாலைதான் சற்று விலக வேண்டும்.

நடும் கன்று ஆளுயரம் இருக்கட்டும், அதே சாலையோரத்தில் இருக்கட்டும். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். பிழைத்த கன்றை எண்ணிப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கலாம். பக்கத்துத் தொழிற்சாலைகளில் சுத்திகரித்த நீர் இருக்கிறது. நீங்கள் அழைத்துப் பேசினால் லாரியில் வரும்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022 செப்டம்பரில் முதல்வர் தொடங்கி வைத்தது வண்டலூரில். வாலாஜாபாத் சாலை தொடங்குவதும் அங்கேதான். கணக்கெடுப்பைப் புரட்டாசிக்குள் முடித்தால், ஐப்பசி மழையில் முதல் போத்தை ஊன்றிவிடலாம்.

இப்படிக்கு,
இந்தச் சாலையில் தினமும் போய்வரும் ஒருவர்