24 பெரிதா, 11 பெரிதா?

டென்னிஸ் வரலாற்றிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் இப்போதெல்லாம் பதிலாக ஒரு பட்டியல்தான் வருகிறது. ஜோகோவிச் 24 கிராண்ட்ஸ்லாம், நடால் 22, ஃபெடரர் 20, சாம்ப்ராஸ் 14. ராட் லேவர்? வெறும் 11. விவாதம் முடிந்தது!

அவ்வளவு சுலபமா என்ன?

1960-ல் ஒருவர் வாங்கிய 500 ரூபாய் சம்பளத்தையும், இன்று ஒருவர் வாங்கும் 50,000 ரூபாயையும் யாரும் அப்படியே ஒப்பிடுவதில்லை. நடுவில் ஏறிய விலைவாசியைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். டென்னிஸுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

லேவரின் கதையைப் பாருங்கள். 1962-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அதன் பிறகு காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். அமெச்சூர்களுக்கு மட்டுமே அனுமதி இருந்த காலம் அது. கதவு சாத்தப்பட்டது. 1963 முதல் 1968 தொடக்கம் வரை 21 கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் அவரால் ஆடவே முடியவில்லை. 24 முதல் 29 வயது வரை, ஒரு ஆட்டக்காரரின் பொற்காலம்!

அதே காலத்தில் சக ஆஸ்திரேலியரான ராய் எமர்சன் 12 பட்டங்கள் வென்று சாதனை படைத்தார். அதில் 10 பட்டங்கள் லேவர் இல்லாத 1963 - 67 ஆண்டுகளில் வந்தவை. எமர்சனைக் குறை சொல்லவில்லை. மற்ற இரண்டையும் 1961-ல் லேவரைத் தோற்கடித்துத்தான் வாங்கினார். ஆனால் 12, 11-ஐ விடப் பெரிது என்பதால் எமர்சன் லேவரை விடப் பெரியவர் என்று இன்று யாராவது சொல்கிறார்களா?

இந்தக் கணக்கு லேவருக்கு எதிராகவும் வேலை செய்யும். 1962-ல் அவர் சாதித்தபோது ரோஸ்வால், ஹோட் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் இருந்தார்கள். 1963-ல் அவர்களோடு மோதியபோது ஆரம்பத்தில் லேவர் அடிதான் வாங்கினார். ஆகவே 1962-ஐக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட வேண்டும். ஆனால் 1968-ல் கதவு திறந்தது. எல்லோரும் ஆடிய முதல் விம்பிள்டனை வென்றவர் லேவர். 1969-ல் மீண்டும் நான்கையும் வென்றார். அதன் பிறகு 2025 வரை எந்த ஆணும் அதைச் செய்யவில்லை. 2021-ல் ஜோகோவிச் மூன்றை வென்று, அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியில் மெத்வெதேவிடம் தோற்றார்.

ஜோகோவிச்சின் 24 சாதாரணமல்ல. நான்கு போட்டிகளையும் தலா மூன்று முறையாவது வென்றவர் அவர். லேவர் காலத்தில் நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில்தான் நடந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே எத்தனை என்று மட்டும் கேட்காமல், யாரை எதிர்த்து, எத்தனை வாய்ப்புகளில் என்றும் கேட்க வேண்டும். சாத்திய கதவுக்கு வெளியே நின்றவரின் கணக்கில் பூஜ்யம் போடுவது கணக்கே அல்ல!