விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்!



சென்னை, கோவை போன்ற நகரங்களில் அவ்வப்போது பழைய கார்களின் கண்காட்சி நடக்கும். பளபளவென்று துடைத்து, வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிள், இது என்ன விலை?" என்பதுதான்!

கேட்பதில் தவறில்லை. ஆனால், விலையை மட்டும் வைத்து ஒரு பழைய பொருளின் மதிப்பை அளந்துவிட முடியாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் கார், ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1955-ல் உருவாக்கியது. 300 எஸ்.எல்.ஆர். என்ற பந்தயக் காருக்குக் கூரை போட்டுச் செய்த மாதிரி. மொத்தம் செய்ததே இரண்டுதான். பந்தயத்தில் ஒருமுறைகூட ஓடியதில்லை. அந்த இரண்டில் ஒன்று 2022 மே மாதம் ஏலத்துக்கு வந்தது. என்ன விலைக்குப் போனது தெரியுமா? 13.5 கோடி யூரோ! அன்றைய கணக்கில் நம் ரூபாயில் 1,100 கோடிக்கும் மேல். அதற்கு முன் உலகில் எந்தக் காரும் அவ்வளவு விலைக்கு ஏலம் போனதில்லை.

இரண்டாவது கார், அமெரிக்காவின் ஃபோர்டு 'மாடல் டி'. இது 1908-ல் வந்தது. அப்போது கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள். ஹென்றி ஃபோர்டு அதை மாற்ற நினைத்தார். 1913-ல் தம் தொழிற்சாலையில் ஒரு புது ஏற்பாடு செய்தார். தொழிலாளி காரைத் தேடிப் போக வேண்டாம். கார் நகர்ந்து நகர்ந்து தொழிலாளியிடம் வரும். ஒருவர் சக்கரம் மாட்டுவார், அடுத்தவர் திருகாணி முடுக்குவார். ஒரு காரைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது! முதலில் 850 டாலராக இருந்த விலை, பிறகு 300 டாலருக்கும் கீழே வந்தது. விவசாயிகளும் தொழிலாளர்களும் கார் வாங்கினார்கள். 1927-ல் நிறுத்துவதற்குள் 1.5 கோடிக்கும் அதிகமான கார்கள் தயாராகிவிட்டன.

இப்போது யோசித்துப் பாருங்கள். விலை அதிகம் எதற்கு? இரண்டே இரண்டு உள்ள காருக்கு. உலகை மாற்றியது எது? கோடிக்கணக்கில் வந்த கார்! அரிதாகக் கிடைக்கும் பொருளுக்கு விலை ஏறும். ஆனால், எத்தனை பேர் வாழ்க்கையில் அது கலந்திருந்தது என்பதை விலைச்சீட்டு சொல்லாது.

நம் நாட்டின் 'மாடல் டி' எது என்று கேட்டால், நான் அம்பாசிடரைச் சொல்வேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம்தான் தயாரிப்பு நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேல், அதே உருண்டைத் தோற்றம்!

அமைச்சரும் அதில்தான் போனார். கல்யாண மாப்பிள்ளையும் அதில்தான் போனார். வாடகைக்கு எடுத்தால், மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே ஏறிவிடும். வழியில் நின்றுவிட்டால் பானெட்டைத் திறப்பார்கள்; பாகங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சின்ன ஊர் மெக்கானிக்கூட ஸ்பேனரை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடுவார்.

இங்கேதான் என் கவலை. எல்லாத் தெருவிலும் இருந்த பொருளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. "இதில் என்ன அதிசயம்?" என்று பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். அரிய பொருளுக்குக் காவல் இருக்கிறது. சாதாரணப் பொருளுக்குத்தான் யாரும் இல்லை!

"ஐயா, பழைய கார் புகை கக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உண்மைதான். ஏர்பேக் போன்ற பாதுகாப்பு வசதிகளும் அந்தக் காலக் கார்களில் கிடையாது. ஆகவே, பழைய கார்களில் தினமும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு ஒரு நடுவழி உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை அமைப்பு மாறாத வாகனங்களுக்கு 'விண்டேஜ்' எனத் தனிப் பதிவு முறையை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்தவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

"கார் வாங்கிப் பாதுகாக்க எங்களிடம் பணம் ஏது?" என்கிறீர்களா? பணம் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டுப் பெரியவர்களின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். அதில் ஒரு கார் இருக்கலாம். அது யாருடையது, யார் ஓட்டினார், எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் வயதான டிரைவரோ மெக்கானிக்கோ இருந்தால், அப்பா அம்மாவுடன் போய்ப் பேசுங்கள். வண்டி நடுவழியில் நின்றபோது என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் சொல்வார்! அதை எல்லாம் எழுதி வையுங்கள். கோவைக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், அவிநாசி சாலையில் 2015-ல் தொடங்கிய ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கே ஒரு பழைய காரின் முன் நிற்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். "இது எப்படி ஓடியது? யாரை ஏற்றிக்கொண்டு ஓடியது?" என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்கும் பிள்ளையைக் கண்டால், எந்தக் கார்க்காரரும் மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து காட்டுவார்!